குஞ்செராப்: ஓர் ஆட்டுக்காகப் பிறந்த பூங்கா

கடல் மட்டத்திலிருந்து 4,693 மீட்டர் உயரம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அவ்வளவு உயரத்தில், நாலு எட்டு வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும் இடத்தில், ஒரு ஏ.டி.எம். இருக்கிறது! 2016-ல் பாகிஸ்தான் தேசிய வங்கி வைத்தது. சூரிய ஒளியிலும் காற்றாலையிலும் ஓடுகிறது. உலகிலேயே உயரமான ஏ.டி.எம். என்று கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

அந்த இடத்தின் பெயர் குஞ்செராப் கணவாய். காரகோரம் மலைத்தொடரில், பாகிஸ்தான் வசம் உள்ள கில்கித்-பல்திஸ்தானும் சீனாவின் சின்ஜியாங்கும் சந்திக்கும் எல்லை. (பழைய ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பகுதி என்பதால் கில்கித்-பல்திஸ்தான் முழுவதும் தனக்கே உரியது என்பது இந்தியாவின் நிலை.) இந்தப் பக்கம் இடதுபுறமாக ஓடி வரும் வண்டிகள், அந்தப் பக்கம் போனதும் வலதுபுறத்துக்கு மாறிக் கொள்ள வேண்டும். ஏ.டி.எம். அருகில் நின்று படம் எடுத்துக் கொள்ளும் பயணிகள் நிற்பது ஒரு தேசியப் பூங்காவின் விளிம்பில். குஞ்செராப் தேசியப் பூங்கா, சுமார் 2,270 சதுர கிலோமீட்டர்.

இந்தப் பூங்காவின் கதை விசித்திரமானது. ஒரே ஒரு விலங்கைக் காப்பாற்றத்தான் முதலில் இதை அறிவித்தார்கள். ஐம்பது வருடம் ஓடிவிட்டது. வேறு பல விலங்குகள் பிழைத்துக் கொண்டன. அந்த ஒரு விலங்கு மட்டும் இன்றைக்கும் இங்கே விருந்தாளி மாதிரிதான் வந்து போகிறது. ஏன் இப்படி? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

யாரும் அதிகம் போகாத வழி

குஞ்செராப் என்ற பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். 'இரத்தப் பள்ளத்தாக்கு' என்பது ஒன்று. அந்தக் காலத்தில் வணிகக் கூட்டங்களை வழிமறித்துக் கொள்ளையடித்ததால் வந்த பெயராம். இன்னொன்று, அங்கே வாழும் வாகி மக்களின் மொழியில் வீடு, நீரோடை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது என்பது. முதலாவது சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்த விளக்கம். இரண்டாவது, அங்கே ஆடு மேய்க்கிறவர்களின் விளக்கம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பட்டுப்பாதை என்றதும் எல்லா வணிகக் கூட்டமும் குஞ்செராப் வழியாகத்தான் போனது என்று நினைத்துவிடக் கூடாது. ஹன்ஸாவிலிருந்து சீனப் பக்கம் போகிறவர்கள் அதிகம் பயன்படுத்தியது மேற்கே இருக்கும் மிந்தகா, கிலிக் கணவாய்களைத்தான். காஞ்சிபுரம் வரை வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் ஊர் திரும்பியபோது, இந்த மலைகளுக்கு வடக்கே பாமீர் வழியாக தாஷ்குர்கான் போய்ச் சேர்ந்தார். அந்த தாஷ்குர்கான்தான் இன்றைக்கு குஞ்செராப்பைத் தாண்டினால் வரும் முதல் சீன நகரம்.

ஹன்ஸா ஒரு குட்டி ராஜ்ஜியம். ராஜாவுக்கு 'மீர்' என்று பெயர். 1891-ல் பிரிட்டிஷ் படை வந்து ஹன்ஸாவைப் பணிய வைத்தது. ஆனாலும் மீர் பரம்பரை தொடர்ந்தது. மேய்ச்சல் நிலங்களும் மீரின் அதிகாரத்தில்தான் இருந்தன. மேய்ப்பவர்கள் ஆடாகவும் வெண்ணெயாகவும் வரி கொடுத்தார்கள்.

மார்க்கோ போலோ எழுதிய ஆடு

1270-களில் பாமீரைக் கடந்த வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ, அங்கே பெரிய பெரிய காட்டுச் செம்மறிகளைப் பற்றிக் கேட்டும் பார்த்தும் எழுதி வைத்தார். அவற்றின் கொம்புகளைக் கொண்டு மேய்ப்பர்கள் கிண்ணம் செய்வார்களாம், ஆட்டுக்குப் பட்டியே அடைப்பார்களாம். ஐரோப்பாவில் பலர் இதைக் கட்டுக்கதை என்றே நினைத்தார்கள்.

சுமார் 560 வருடம் கழித்து, 1838-ல், ஜான் வுட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஆமு தர்யா நதியின் மூலத்தைத் தேடி பாமீருக்குப் போனார். கொம்புகளுடன் திரும்பினார். 1841-ல் எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியல் அறிஞர் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார், மார்க்கோ போலோவின் பெயரையே! சுருள் சுருளாக வெளிப்பக்கம் விரியும் அந்தக் கொம்பு, பதிவான மிக நீளமானதில் 1.9 மீட்டர். ஒரு ஆள் உயரத்தை விட அதிகம்.

இந்த ஆடு ஐபெக்ஸ் காட்டாடு மாதிரி செங்குத்துப் பாறையில் ஏறி ஒளிந்து கொள்ளாது. திறந்த, அகலமான பள்ளத்தாக்குகளில் கூட்டமாக மேயும். ஆபத்து வந்தால் ஓடும். துப்பாக்கி வரும்வரை அது நல்ல உபாயமாகத்தான் இருந்தது. ஜீப்பும் ரைபிளும் வந்த பிறகு அதுவே வினையாகிவிட்டது.

ரோடு வந்தது

1963-ல் சீனாவும் பாகிஸ்தானும் எல்லை ஒப்பந்தம் போட்டுக் கொண்டன. 1966-ல் இரண்டு நாடுகளும் சேர்ந்து மலையைக் குடைந்து ரோடு போட முடிவு செய்தன. முதலில் பேசப்பட்டது மிந்தகா வழி. ஆனால் அது சோவியத் எல்லைக்கு ரொம்பப் பக்கம், வான் தாக்குதலுக்கு வசதியாகிவிடும் என்று சீனா குஞ்செராப்பைச் சொன்னது. அதிகம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கணவாய் இப்படித்தான் சர்வதேச நெடுஞ்சாலையானது.

காரகோரம் நெடுஞ்சாலை மொத்தம் சுமார் 1,300 கிலோமீட்டர். நிலச்சரிவு, பாறை வெடிப்பு, பனி... வேலை செய்தவர்களில் சுமார் 810 பாகிஸ்தானியரும் 200 சீனரும் உயிரிழந்தார்கள். கில்கித் அருகே தன்யோரில் சீனத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1978-ல் திறப்பு விழா நடந்தது. 1986-ல் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் வழி விட்டார்கள்.

மனிதர்கள் கொடுத்த விலையைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். விலங்குகள் கொடுத்த விலைக்குக் கல்வெட்டு இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்கள் அந்தப் பாழ்வெளியில் வருடக்கணக்கில் தங்கினார்கள். கடைகண்ணி கிடையாது. கையில் துப்பாக்கி இருந்தது. எதிரே திறந்தவெளியில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆடுகள். என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1975: வரைபடத்தில் ஒரு கோடு

இந்த நேரத்தில்தான் ஜார்ஜ் ஷாலர் வருகிறார். அமெரிக்க விலங்கியல் அறிஞர். கொரில்லா, புலி, சிங்கம் எல்லாவற்றையும் காட்டிலேயே இருந்து ஆராய்ந்தவர். தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டை 1969-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து ஆராய்ந்து எழுதியவரும் இவர்தான்! மலை ஆடுகள் மேல் இருந்த அதே ஆர்வம் அவரை இமயமலைக்கும் காரகோரத்துக்கும் கொண்டு போனது.

1974-ல் குஞ்செராப் பகுதிக்குப் போன ஷாலர், மார்க்கோ போலோ ஆட்டைக் காப்பாற்ற உடனே ஒரு பூங்கா வேண்டும் என்று பரிந்துரைத்தார். அப்போது பிரதமராக இருந்த சுல்ஃபிகர் அலி பூட்டோ தாமதிக்கவில்லை. 1975 ஏப்ரல் 29-ல் அறிவிப்பு வந்துவிட்டது.

நல்ல எண்ணம், வேகமான முடிவு. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இருக்கிறது. 1974 செப்டம்பரில்தான் அதே பூட்டோ அரசு ஹன்ஸா மீரின் ஆட்சியை ஒழித்தது. 'இனி ராஜாவுக்கு வரி இல்லை, மலை நமக்கு' என்று மேய்ப்பர்கள் மூச்சுவிட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அந்த மலை தேசியப் பூங்கா. தேசியப் பூங்கா என்றால் சர்வதேச விதிப்படி வேட்டை கூடாது, குடியிருப்பு கூடாது, மேய்ச்சலும் கூடாது. அதிலும் ஒரு பகுதியில் மேய்ச்சல் அறவே தடை. கோடு போட்டபோது மேய்ப்பர்களிடம் யாரும் கேட்கவில்லை.

வரவு யாருக்கு, செலவு யாருக்கு?

முதல் பதினைந்து வருடம் பூங்கா பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் பழையபடி மேய்த்தார்கள். வேட்டையும் நடந்தது. மார்க்கோ போலோ ஆடு வேகமாகக் குறைந்து கொண்டே வந்தது. 1980-களின் இறுதியில், இனி விதியைக் கறாராக அமல்படுத்தியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அரசுக்கு வந்தது. ஊர்க்காரர்கள் 1990-ல் கோர்ட்டுக்குப் போனார்கள்.

இந்தச் சண்டையை ஒரு பேலன்ஸ் ஷீட் மாதிரி எழுதிப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று புரியும். மேய்ச்சல் நிலம் போவது ஊர்க்காரர்களுக்கு. பனிச்சிறுத்தை பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்று போட்டால் அந்த நஷ்டமும் அவர்களுக்கே. பூங்காவால் வரும் பெருமை அரசாங்கத்துக்கு, மகிழ்ச்சி உலகத்துக்கு. செலவெல்லாம் ஒருவர் தலையில், வரவெல்லாம் இன்னொருவர் கணக்கில். இப்படி ஒரு கணக்கு எத்தனை நாள் நிற்கும்? கோடை மாதங்களில் அந்த மேட்டில் தங்கி மேய்க்கிற ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் போதும், வேட்டைக்காரனை எந்தக் காவலராலும் பிடிக்க முடியாது.

1992-ல் கோஜால் பகுதிக் கிராமங்கள் பலவற்றோடு அரசு சமரசம் செய்து கொண்டது. மேய்ச்சலைக் கட்டுப்படுத்த ஊர்க்காரர்கள் ஒத்துக் கொண்டார்கள். பதிலுக்குப் பூங்கா வேலைகளில் அவர்களுக்கு முன்னுரிமை, பூங்கா வருமானத்தில் பங்கு. குஞ்செராப் கிராம அமைப்பு என்று ஊர்களே சேர்ந்து ஒரு அமைப்பையும் உருவாக்கிக் கொண்டன.

இதே காலத்தில் நாகர் பகுதியின் பார் பள்ளத்தாக்கில் உலக வனவிலங்கு நிதியம் ஒரு சோதனை செய்தது. ஊர் முழுவதும் வேட்டையை நிறுத்த வேண்டும். ஐபெக்ஸ் எண்ணிக்கை பெருகியதும், வருடத்துக்கு ஒரு சில கிழட்டு ஆண் ஆடுகளை மட்டும் பெரிய தொகைக்குப் பெர்மிட் கொடுத்துச் சுட அனுமதிக்கலாம். பணத்தில் பெரும்பங்கு ஊருக்கு. இந்த முறைதான் பிறகு கில்கித்-பல்திஸ்தான் முழுவதும் பரவியது. பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. அதை ஒட்டிய ஊர்ப் பொது நிலங்களில்தான். பங்கு 80-க்கு 20. அதாவது ஒரு பெர்மிட் 10,000 டாலர் என்று வைத்துக் கொண்டால் 8,000 ஊருக்கு, 2,000 அரசுக்கு. மார்க்கோர் என்ற திருகுக்கொம்பு ஆட்டுக்கான பெர்மிட் இப்போது ஒரு லட்சம் டாலரையும் தாண்டி ஏலம் போகிறது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் வாய்க்காலும் படிப்பு உதவியும் வருகின்றன.

'காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டு சுடுவதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பணக்கார வேட்டைக்காரனின் பொழுதுபோக்கில் ஒரு ஊரின் பள்ளிக்கூடம் நிற்பது அழகான காட்சி இல்லை. நாளைக்கு வேட்டைக்காரர்கள் வருவது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதும் கவலைதான். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. முன்பு ஒரு ஐபெக்ஸ் என்றால் ஒரு வாரக் கறி. இப்போது அது ஊரின் முதலீடு. ஊர்க்காரர்களே காவலுக்கு நிற்கிறார்கள். ஐபெக்ஸ் கூட்டங்கள் மீண்டு வந்திருக்கின்றன. ஐபெக்ஸ் இருந்தால்தான் அதைத் தின்னும் பனிச்சிறுத்தையும் இருக்கும்.

பனிச்சிறுத்தை கொல்லும் வீட்டு ஆட்டுக்கும் ஒரு வழி பிறந்தது. 1999-ல் பல்திஸ்தானில் ஷஃப்கத் ஹுசைன் என்பவர் ஆட்டுக்கு இன்ஷூரன்ஸ் திட்டம் தொடங்கினார். மேய்ப்பர் சிறிய பிரீமியம் கட்டுவார், மீதி சுற்றுலா வருமானத்திலிருந்து. சிறுத்தை ஆட்டைக் கொன்றால் நஷ்டஈடு. ஆத்திரத்தில் விஷம் வைக்கும் தேவை குறைந்தது.

ஒத்துக் கொள்ளாத ஊர்

எல்லா ஊரும் சமரசத்துக்கு வரவில்லை. ஷிம்ஷால் வரவில்லை. பூங்காவின் பெரும்பகுதி அந்த ஒரே ஊரின் மேய்ச்சல் நிலத்தின் மேல்தான் விழுந்திருந்தது. கோடையில் ஷிம்ஷால் பெண்கள் யாக் மாடுகளையும் ஆடுகளையும் ஓட்டிக் கொண்டு பாமீர் மேய்ச்சல் வெளிக்குப் போவார்கள். மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் செய்வார்கள். அதை விட்டுக் கொடுத்தால் ஊரே இல்லை. அவர்கள் 1997-ல் ஷிம்ஷால் இயற்கை அறக்கட்டளை என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார்கள். 'இத்தனை நூற்றாண்டு இந்த மலையைப் பார்த்துக் கொண்டவர்கள் நாங்கள், இனியும் நாங்களே பார்த்துக் கொள்கிறோம்' என்பதுதான் அதன் சாரம். நெடுஞ்சாலையிலிருந்து அந்த ஊருக்கு ஜீப் போகும் பாதையையும் ஊர்க்காரர்களே பல வருடம் உழைத்து, 2003-ல் முடித்தார்கள்.

அரசின் கண்ணில் இது பிடிவாதம். ஆனால் பெயர் விளக்கத்தை இங்கே ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். வெளியே இருந்து வருகிறவருக்கு அது இரத்தப் பள்ளத்தாக்கு. அவர்களுக்கு அது வீடும் ஓடையும்.

விருந்தாளி ஆடு

சரி, மார்க்கோ போலோ ஆடு என்ன ஆனது?

ஐபெக்ஸ் ஒரே மலையில் இருந்து கொள்ளும். ஊர் அதை எண்ண முடியும், காக்க முடியும், விலை வைக்க முடியும். மார்க்கோ போலோ ஆடு அப்படி இல்லை. பருவத்துக்கு ஏற்ப எல்லை தாண்டிப் போய் வரும் ஜாதி. அதன் பெரிய கூட்டங்கள் தஜிகிஸ்தானில் இருக்கின்றன. ஆப்கானிஸ்தானிலும் சீனாவிலும் மீதி. குஞ்செராப்புக்கு இப்போது சீனப் பக்கத்திலிருந்து சிறு கூட்டங்கள்தான் வந்து போகின்றன. சீனா 1984-ல் தன் பக்கம் தாஷ்குர்கான் காப்பகத்தை அமைத்தது. ஆனால் பின்னர் எல்லை ஓரமாகக் கம்பி வேலியும் வந்துவிட்டது. ஆட்டுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, வேலி மட்டும் உண்டு!

நாலு நாடுகளும் சேர்ந்து பாமீரில் ஒரே அமைதிப் பூங்காவாக்க வேண்டும் என்று ஷாலர் பல வருடமாகச் சொல்லி வந்தார். கூட்டங்கள் நடந்தன. பூங்கா இன்னும் வரவில்லை.

இதற்கிடையே ரோடு பெரிதாகிக் கொண்டே போகிறது. 2010 ஜனவரி 4-ல் அத்தாபாத்தில் மலை சரிந்து ஹன்ஸா நதி அடைபட்டு, பெரிய ஏரியே உருவாகி, நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போனது. ஐந்து வருடத்துக்கு மேல் லாரிச் சரக்கெல்லாம் படகில் ஏறி இறங்கியது. 2015-ல் சுரங்கப்பாதைகள் திறந்து வழி சரியானது. அதே 2015-ல் சீன-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடத் திட்டமும் வந்தது. முன்பெல்லாம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கணவாய் மூடியே கிடக்கும். ரோடு வந்த பிறகும் விலங்குகளுக்கு மிஞ்சியிருந்த அமைதி அந்த நாலைந்து மாதம்தான். 2024 டிசம்பரிலிருந்து அதுவும் போய், வருடம் முழுவதும் வாகனம் போகிறது.

போகிறவர்கள் பார்ப்பது

இந்தியர்களுக்கு அங்கே போவது எளிதல்ல. போகிற மற்றவர்கள் சோஸ்த் என்ற எல்லை ஊரிலிருந்து கிளம்புவார்கள். அங்கிருந்து சுமார் 85 கிலோமீட்டர். திஹ் சோதனைச் சாவடியில் பூங்கா டிக்கெட். ஆற்றை ஒட்டிய குறுகலான பாறைப் பிளவு மெல்ல மெல்ல அகலமாகி, கடைசியில் புல்வெளியாக விரியும். கோடையில் வளைக்கு வெளியே நிமிர்ந்து உட்கார்ந்து விசில் அடிக்கும் பொன்னிற மார்மட்டுகள், புல் மேயும் யாக் மாடுகள், அதிர்ஷ்டம் இருந்தால் பாறை உச்சியில் ஐபெக்ஸ். பனிச்சிறுத்தையைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மார்க்கோ போலோ ஆட்டைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

யார் பெயரில் பூங்கா பிறந்ததோ அதைப் பார்க்க முடியாத பூங்கா. ஆனாலும் இதைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அங்கே வாழ்கிறவர்களை விரட்டிக் காப்பாற்றப் பார்த்த வருடங்களில் எல்லாமே குறைந்தன. அவர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்த பிறகு, ஊரின் எல்லைக்குள் இருக்கும் விலங்குகள் மீண்டன. எல்லை தாண்டும் ஆட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் பங்குதாரர் ஆகவில்லை. ஊர்கள் இரண்டு வருட வழக்கில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. நாடுகளுக்கு ஐம்பது வருடம் போதவில்லை.